கெய்ட்டரைத் தேர்ந்தெடுப்பதும் கட்டுவதும்: புதிய மலையேறிகளுக்கு

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறுவதற்குக் கெய்ட்டர் தேவையில்லை. ஆனால் அதே வட்டாரத்தில், பினாங்குத் தாவரவியல் பூங்காவுக்கு அருகிலுள்ள மூன் கேட் என்னும் வட்ட வாயிலிலிருந்து, உச்சி 833 மீட்டரை எட்டும் கொடிமலைக்குக் காட்டுப்பாதையில் ஏறுபவர், மழை பெய்த மறுநாளென்றால் சேறு, சிறுகல், முள், அட்டை ஆகிய நான்கையும் ஒரே காலைப்பொழுதில் சந்திக்க நேரும். சப்பாத்தின் வாயையும் கணுக்காலையும் சேர்த்து மூடி இவற்றைத் தடுக்கும் துணியுறையே கெய்ட்டர்.

முதலில் உயரத்தை முடிவு செய்யுங்கள். காய்ந்த பாதைக்குக் கணுக்கால் அளவு போதும். சேற்றுக்கும் பிரம்பு முள்ளுக்கும் முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை வேண்டும்.

அடுத்தது துணி. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே அந்நூலின் டெனியர்; எண் கூடினால் நூல் தடிமன். பாறையில் உராயும் கீழ்ப்பகுதி 500 முதல் 1,000 டெனியர் நைலானாகவும், மேற்பகுதி காற்றுப் புகும் மெல்லிய துணியாகவும் இருப்பது நல்லது. முழுவதும் நீர்புகாத கெய்ட்டர் பனி நாடுகளுக்குப் பொருந்தும். நம் புழுக்கத்தில் அதற்குள் வியர்வையே காலை நனைத்துவிடும்.

துணியைவிட நான் கவனமாகப் பார்ப்பது பாதத்தின் அடியில் செல்லும் பட்டையைத்தான். என் முதல் கெய்ட்டரில் துணி புதிதாகவே இருக்க, மெல்லிய கயிறாக இருந்த அடிப்பட்டை கல்லில் தேய்ந்து மூன்றாம் பயணத்திலேயே அறுந்தது. ஆகவே தடித்த, அறுந்தால் கழற்றி மாற்றக்கூடிய பட்டையுள்ளதையே வாங்குங்கள். குதிகாலுக்கு முன்னால் சப்பாத்தின் அடியில் பள்ளம் இருந்தால் பட்டை அதற்குள் ஒதுங்கிக்கொள்ளும்; தட்டையான அடியென்றால் ஒவ்வொரு அடிக்கும் தேயும். எனவே மலையேறும் சப்பாத்தோடு கடைக்குச் சென்று, அங்கேயே மாட்டிப் பாருங்கள்.

கட்டும்போது, சப்பாத்துக் கயிற்றை இறுக்கிய பிறகே கெய்ட்டரைச் சுற்ற வேண்டும். பட்டையின் கொளுவி காலின் வெளிப்பக்கம் இருக்கட்டும். உட்பக்கம் இருந்தால் மற்றக் காலில் சிக்கி விழ வைக்கும். முன்கொக்கியைச் சப்பாத்துக் கயிற்றின் கீழ்வரிசையில் மாட்டி, வெல்க்ரோவைக் கீழிருந்து மேலாக ஒட்டி, அடிப்பட்டையை இறுக்கி, கடைசியாக மேல்நாடாவை ஒரு விரல் நுழையும் அளவுக்கு இழுங்கள்.

அட்டை அந்த ஒரு விரல் இடைவெளியிலும் நுழையும். அதற்கு, நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறையைச் சாதாரணக் காலுறைக்கு மேல் அணிந்து, அதன்பின் சப்பாத்தையும் கெய்ட்டரையும் போடுவதே வழி.

வீடு திரும்பியதும் வெல்க்ரோவில் சிக்கிய மண்ணைப் பழைய பல்துலக்கியால் நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள்.