பாயில் பெயர், எழுத்தில் யானை

எழுத்தையும் படத்தையும் சேர்த்து ஒன்று செய்யுங்கள் என்றால், மேலே ஒரு மரம், கீழே ‘மரம் வளர்ப்போம்’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள் பிள்ளைகள். இரண்டும் ஒரே சங்கதிதான். படம் எழுத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நம்ம திருநெல்வேலிப் பக்கம் இதற்கு நல்ல பாடம் பத்தமடைப் பாய். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரைக் கோரையிலேயே நெய்திருப்பார்கள். நெசவில் வளைவு வழவழவென்று வராது, படிக்கட்டு மாதிரிதான் ஏறி இறங்கும். பழைய பாய் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அப்புறம் கட்டம் போட்ட கணக்கு நோட்டைக் கொடுத்து, கோடே இழுக்காமல் கட்டங்களை மட்டும் நிரப்பித் தங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். ‘ழ’ இருக்கிற பிள்ளை கொஞ்சம் திண்டாடும். அங்கேதான் எழுத்தின் உருவத்தை முதல்முறையாக உற்றுப் பார்க்கும்.

அடுத்து ‘யானை’. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் ‘னை’ தும்பிக்கை வைத்த மாதிரி இருக்கும். வீட்டில் ஆச்சியை எழுதிக் காட்டச் சொன்னால் போதும், மீதியைப் பிள்ளைகளே வரைந்துவிடுவார்கள். (எனக்கு இந்தப் பழைய எழுத்துதான் பிடிக்கும்.)

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அலங்காரம் எழுத்தின் கோட்டை வெட்டக்கூடாது. தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள். வாசிக்க வரவில்லையா, வண்ணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.