கெட்டில் மூக்கில் வழியும் நீரை நிறுத்திய விதம்: என் அனுபவம்

தேநீர்க் கெட்டிலைச் சாய்த்து மெதுவாக ஊற்றும்போதெல்லாம், நீர் கோப்பையில் விழாமல் மூக்கின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு வழிந்து மேசையை நனைத்தது. இந்நிகழ்வுக்கு 1956இல் இஸ்ரேலிய விஞ்ஞானி மார்கஸ் ரெய்னர் ‘தேநீர்க் கெட்டில் விளைவு’ என்று பெயரிட்டதையும், அடுத்த ஆண்டே அமெரிக்கக் கணிதவியலாளர் ஜோசப் கெல்லர் அதற்கு விளக்கம் தந்ததையும் படித்தபோது மிகுந்த வியப்பு ஏற்பட்டது. பரப்பு இழுவிசை மட்டுமே காரணம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் விளிம்பைச் சுற்றி வளையும் நீரில் அழுத்தம் குறைந்துவிடுவதால், வெளியிலுள்ள காற்றே நீரை மூக்கோடு சேர்த்துத் தள்ளுகிறது என்பதைக் கெல்லர் காட்டினார். என்னைப் பொறுத்தவரை இதுவே இதன் மிக அழகான பகுதி. மூக்கின் பரப்பில் நீர் எவ்வளவு ஒட்டுகிறது என்பதும் முக்கியம். 2010இல் பிரான்சு ஆய்வாளர்கள் நீர் ஒட்டாத பூச்சினால் இவ்விளைவை அடக்கிக் காட்டினர்.

எனவே நீர் ஒட்டாமலிருக்க, மூக்கு நுனியின் அடிவிளிம்பில் சிறிது வெண்ணெய் தடவினேன். வழிவது பெருமளவு குறைந்தது. எனினும் சூடான நீர் அதை விரைவில் உருக்கிவிடும். கெட்டிலைச் சட்டென்று நன்றாகச் சாய்த்து வேகமாக ஊற்றுவது அதைவிட நம்பகமானது, ஏனெனில் வேகமாகப் பாயும் நீர் தன் நிலைமத்தால் விளிம்பில் வளையாமல் நேராகப் பிரிந்துவிடுகிறது. இறுதியில், மெல்லிய கூர்விளிம்பு கொண்ட வேறொரு கெட்டிலுக்கு மாறினேன். மெதுவாக ஊற்றினாலும் அதில் நீர் வழிவதில்லை.