பேப்பர் ஸ்டேட்டஸ் மாறியதும் செய்யக்கூடாதவை

மண்டபத்திலும் தொண்டியிலும் கடல் ஆராய்ச்சி செய்யும் ஸ்காலர்கள் ஜர்னலுக்கு அனுப்பிய பேப்பர் எந்த நிலையில் இருக்கிறது என்று தளம் காட்டும் ஸ்டேட்டஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். "அண்ணா, ஸ்டேட்டஸ் மாறிடுச்சு, ரிஜெக்டா?" எங்கள் காலத்தில் இருந்த அதே பதற்றம், அதே தப்புகள். ரெஃபரன்ஸ் ஸ்டைல், படத்தின் அளவு போன்றவற்றை ஜர்னலே சொல்லிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்டேட்டஸ் பின்னால் போனதும் பேப்பரைத் திரும்பப் பெறுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பாக் நீரிணைக் கடற்புல் பற்றி ஒரு தங்கை எழுதிய பேப்பர் 'அண்டர் ரிவியூ'வில், அதாவது ரிவியூவர்களின் மதிப்பீட்டில், இருந்தது. ஒருநாள் அது 'வித் எடிட்டர்' (எடிட்டர் கையில்) என்று பழைய இடத்துக்கே திரும்பியது. சினாப்சிஸ் (ஆய்வேட்டின் சுருக்கம்) கொடுக்க வேண்டிய தேதி நெருங்கிய நேரம். "ரிஜெக்ட் பண்ணத்தான் எடுத்திருக்காங்க" என்று ஹாஸ்டலில் யாரோ சொல்ல, அன்றிரவே வித்டிராயல் மெயில் போட்டுவிட்டார். எடிட்டரிடமிருந்து பதில் வந்தது: ஒரு ரிவியூ சாதகமாக வந்திருந்தது, இன்னொருவர் விலகியதால் வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தோம், நீங்கள் கேட்டபடி நீக்கிவிட்டோம்.

அடுத்த ஜர்னலில் எல்லாம் முதலிலிருந்து. அங்கே ரிவியூவர் வாடைக் காலச் சாம்பிளும் கேட்டார். வாடையில் பாக் நீரிணைப் பக்கம் கடல் கொந்தளிப்பாக இருக்கும், படகு கிடைப்பதே பெரும்பாடு. கிட்டத்தட்ட ஒரு வருடம் போய்விட்டது.

நடப்பது இதுதான். இத்தனை ரிவியூ வேண்டும் என்று எடிட்டர் ஓர் எண்ணிக்கை வைத்திருப்பார், பெரும்பாலும் இரண்டு. அத்தனை பேர் ஒப்புக்கொண்டால் 'அண்டர் ரிவியூ'. ஒருவர் கைவிட்டாலோ, எடிட்டர் கூடுதலாக ஒருவரைக் கேட்க நினைத்தாலோ, பல தளங்களில் ஸ்டேட்டஸ் தானாகவே 'வித் எடிட்டர்' ஆகிவிடும். 'ரெக்வயர்டு ரிவியூஸ் கம்ப்ளீட்டட்' (வேண்டிய ரிவியூக்கள் வந்துவிட்டன) என்று வந்த பிறகு மறுபடி 'அண்டர் ரிவியூ' ஆவதும் இப்படித்தான்: இரண்டு ரிவியூவும் முரண்பட்டால் மூன்றாவது ஆளைத் தேடுவார்கள். கடற்புல், கடற்பசு மாதிரியான துறைகளில் ஆட்களே குறைவு. தேட நேரம் ஆகும்.

ஸ்டேட்டஸ் அப்படியே இருக்க, அதன் தேதி மட்டும் மாறினால்

யாரோ ஒரு ரிவியூவர் அழைப்பை ஏற்றிருக்கலாம், மறுத்திருக்கலாம், ரிவியூ வந்திருக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

'டிசிஷன் இன் பிராசஸ்' (முடிவு தயாராகிறது) பார்த்து முடிவைக் கணிப்பது

அக்செப்ட், ரிவிஷன், ரிஜெக்ட் மூன்றுக்கும் இதே வார்த்தைதான்.

வித்டிராயல் உறுதியாகும் முன் வேறு ஜர்னலுக்கு அனுப்புவது

கூடவே கூடாது. மெயில் போட்டால் மட்டும் போதாது, ஏற்றுக்கொண்டதாக எடிட்டோரியல் ஆபீஸிலிருந்து பதில் வர வேண்டும். அதற்கு முன் அனுப்பினால் அது இரட்டைச் சமர்ப்பிப்பு, இரண்டு இடத்திலும் பேப்பரை நிராகரித்துவிடலாம்.

வாராவாரம் மெயில் போடுவது

முதல் முடிவுக்குச் சராசரியாக எவ்வளவு காலம் ஆகும் என்று பல ஜர்னல்கள் தளத்திலேயே போட்டிருக்கும். அது தாண்டட்டும், அப்புறம் கேளுங்கள். மேனுஸ்கிரிப்ட் எண், தலைப்பு, அனுப்பிய தேதி, ஒரே ஒரு கேள்வி, அவ்வளவு போதும். கரெஸ்பாண்டிங் ஆதர் (ஜர்னலோடு தொடர்பில் இருக்கும் ஆசிரியர்) உங்கள் கைடு என்றால் மெயில் அவர் பெயரில்தான் போக வேண்டும்; நீங்கள் எழுதிக் கொடுங்கள், அவர் அனுப்பட்டும்.