மெம்பிரேன் அடைக்கிறதா? குமிழி விட்டுப் பாருங்கள்

கழிவுநீரை மெம்பிரேன் (நுண்துளைகள் கொண்ட வடிகட்டிச் சவ்வு) வழியே உறிஞ்சும்போது நீர் உள்ளே போய்விடும், அழுக்கு வெளியே நின்று மேலேயே படியும். அந்தப் படிவைத் துடைக்கத்தான் எம்பிஆர் (மெம்பிரேன் பயோரியாக்டர், நுண்ணுயிரும் மெம்பிரேனும் சேர்ந்து கழிவுநீரைச் சுத்தம் செய்யும் முறை) நிலையங்களில் அடியிலிருந்து ஓயாமல் காற்று விடுகிறார்கள். ஆய்வக மேசையில், 10 லிட்டர் பக்கெட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

ஹாலோ ஃபைபர் கட்டு ஒன்று வேண்டும், பரப்பு 0.1 சதுர மீட்டர் போதும். இழை ஒவ்வொன்றும் நடுவில் துளையுள்ள சேமியா மாதிரி இருக்கும். கட்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள். இழைகளை விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள், கொஞ்சம் தளர்ந்திருந்தால்தான் குமிழி பட்டு ஆடும். அந்த ஆட்டமே பாதி வேலையைச் செய்துவிடும்.

அடுத்து காற்று. மீன்தொட்டி ஏர் பம்ப் போதும், ஆனால் அதன் கல்லைக் கழற்றிவிடுங்கள். கல்லில் வரும் பொடிக்குமிழி ஆக்சிஜன் கரைக்க நல்லது, தேய்க்க வலு போதாது. குழாயில் 2 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, கட்டுக்கு நேர் கீழே வையுங்கள். பெரிய குமிழி ஏறும்போது அதன் வாலில் நீர் சுழலும். படிவைச் சுரண்டுவது அந்தச் சுழல்தான்.

முதலில் வெறும் தண்ணீர். இழைகள் வழியே நீரை உறிஞ்சும் பெரிஸ்டால்டிக் பம்பை (குழாயை அழுத்தி அழுத்தி நீரை நகர்த்துவது) நிமிடத்துக்கு 33 மில்லிலிட்டருக்கு வைத்து (சதுர மீட்டருக்கு மணிக்கு 20 லிட்டர் கணக்கு) வேக்குவம் கேஜ் (உறிஞ்சல் அழுத்தத்தைக் காட்டும் முள் கருவி) அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 50 கிராம் பேக்கரி ஈஸ்ட்டைக் கரைத்துவிட்டு, காற்றில்லாமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேஜைப் பாருங்கள். முள் ஏறும், அடைப்பு கூடுகிறது என்று அர்த்தம். இழையை விரலால் தடவினால் வழவழப்பான மாவுப்பூச்சு ஒட்டும்.

சரி, கட்டை நன்றாக அலசி, கரைசலை மாற்றி, இம்முறை நிமிடத்துக்கு 1 லிட்டர் காற்றோடு தொடங்குங்கள். காற்று முதலில், உறிஞ்சல் பிறகு. இந்த வரிசையை மாற்றவே கூடாது. 9 நிமிடம் உறிஞ்சி 1 நிமிடம் நிறுத்துங்கள். இழுப்பு இல்லாத அந்த ஒரு நிமிடத்தில் குமிழிகள் படிவை எளிதாகக் கழற்றிவிடும்.

காற்றை அரை அரை லிட்டராகக் கூட்டிப் பாருங்கள். ஓர் அளவுக்கு மேல் முள் ஏறும் வேகம் குறையாது, அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரிய நிலையங்களில் மின்சாரத்தை அதிகம் தின்பதில் இந்தக் காற்றும் ஒன்று. அதனால்தான் பல இடங்களில் 10 விநாடி விட்டு, 10 விநாடி நிறுத்துகிறார்கள்.

முடிக்கும்போது உறிஞ்சலை முதலில் நிறுத்துங்கள், காற்று இன்னும் 5 நிமிடம் ஓடட்டும். கட்டை அலசித் தண்ணீரிலேயே போட்டு வையுங்கள், காய விடாதீர்கள்.