வானுவாஸ் தேசியப் பூங்காவில் முதல் மலைக்குடில் பயணம்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

பிரான்சில் இத்தாலிய எல்லையை ஒட்டி, ஐபெக்ஸ் எனும் மலையாட்டைக் காக்கும் நோக்கத்தை முன்வைத்து 1963இல் அமைக்கப்பட்ட வானுவாஸ், அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாகும். ப்ரலோன்யான் என்ற ஊரிலிருந்து ஏறி, 2,517 மீட்டர் உயரத்திலுள்ள கோல் து லா வானுவாஸ் குடிலில் ஓர் இரவு தங்கித் திரும்பும் நடையை இங்கே விளக்குகிறேன். பாறை ஏறும் பயிற்சி தேவையில்லை. நேரக் கணக்கு மட்டும் பிசகக் கூடாது.

படி 1: படுக்கையை முன்பதிவு செய்தல்

ஜூன் இறுதிவரைகூட உயரமான பகுதிகளில் பனி கிடக்கலாம் என்பதால், முதன்முறை செல்வோருக்கு ஜூலை நடுப்பகுதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரையிலான காலமே ஏற்றது. இரவு உணவு, படுக்கை, காலை உணவு மூன்றும் சேர்ந்த கட்டணத்தில் பதிவு செய்யுங்கள். சைவ உணவு வேண்டுமெனில் பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். அங்கே போய் மாலையில் கேட்டால் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான் மிஞ்சும். பயணம் ரத்தானால் கட்டாயம் தெரிவியுங்கள், ஏனெனில் வர வேண்டியவர் வந்து சேராவிட்டால் வழியில் விபத்தோ என்று குடில் பொறுப்பாளர் கவலைப்பட நேரிடும்.

படி 2: நேரத்தைக் கணக்கிடுதல்

கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். ஆகவே எப்போது கிளம்புவது என்பதை விட, எப்போது குடிலுக்குள் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு பின்னோக்கிக் கணக்கிடுங்கள். சாதாரண நடையாளர் மணிக்குச் சுமார் 300 மீட்டர் உயரம் ஏறுவார். ப்ரலோன்யானுக்கு மேலே நடை தொடங்கும் லே ஃபோன்தனெத் வாகன நிறுத்துமிடம் ஏறத்தாழ 1,650 மீட்டரில் இருப்பதால், ஏற வேண்டியது 870 மீட்டர் அளவு. அதாவது மூன்று மணி நேரம். வழிகாட்டிப் பலகைகளில் உள்ள நேரத்தில் ஓய்வு சேராது என்பதால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் நண்பகலில் சேர்ந்துவிடலாம்.

படி 3: ஏறுதல்

முதலில் ஊசியிலைக் காடு, பிறகு 2,010 மீட்டரில் பார்மெத் குடில். அதற்கு மேல் மரங்கள் குறைந்து மேய்ச்சல் வெளி தொடங்குகிறது. ஏறத்தாழ 2,300 மீட்டரில் லாக் தே வாஷ் ஏரி குறுக்கிடும். இந்த ஆழமற்ற ஏரியைச் சுற்றிச் செல்வதில்லை. நீரின் நடுவே வரிசையாகப் பதித்த தட்டைக் கற்களின் மீது நடந்தே கடக்க வேண்டும். எதிரே ஆள் வந்தால் அகலமான கல்லில் ஒதுங்கி நின்று வழிவிடுவது வழக்கம். மழைக்குப் பின் கற்கள் வழுக்கும்; நிமிர்ந்து மலைமுகட்டைப் பார்க்க ஆசை வந்தால் நின்று பாருங்கள், நடந்துகொண்டே பார்க்காதீர்கள். ஏரியைத் தாண்டிய ஏற்றத்தில், பூங்காவின் மிக உயர்ந்த சிகரமான 3,855 மீட்டர் கிராண்ட் காஸ் தெரியும்.

பாறைகளில் வெள்ளை, சிவப்புக் கோடுகள் இணையாக இருந்தால், நெடுந்தொலைவு நடைப்பாதையில் சரியாகச் செல்கிறீர்கள் என்று பொருள். பெருக்கல் குறியாக இருந்தால் தவறான வழி.

ஆட்டு மந்தையையும் அதைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்களையும் கண்டால் ஓடாமல் நின்று, பின் மந்தையை விலகிச் சுற்றிச் செல்லுங்கள். பூங்காவின் மையப் பகுதிக்கு உங்கள் நாயை அழைத்து வரவோ ட்ரோன் பறக்கவிடவோ அனுமதியில்லை.

படி 4: குடிலில் தங்குதல்

வாசலிலேயே காலணியைக் கழற்றி அதற்கான அடுக்கில் வைத்துவிட்டு, பொறுப்பாளரிடம் பெயரையும் மறுநாள் செல்லும் வழியையும் சொல்லுங்கள். போர்வை தருவார்கள், அதற்குள் விரிக்கும் பை போன்ற மெல்லிய துணியை நீங்கள்தான் கொண்டுசெல்ல வேண்டும். இரவு உணவு ஏழு மணியளவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில், நீண்ட மேசைகளில் பரிமாறப்படும். பத்து மணிக்குள் விளக்கணைந்துவிடும் என்பதால் தலையில் மாட்டும் டார்ச்சைப் படுக்கையருகே வைத்திருங்கள். விடியற்காலையில் பிளாஸ்டிக் பையைச் சலசலத்துப் பிறரை எழுப்புவதைப் போன்ற குற்றம் அங்கே வேறில்லை. குப்பை முழுவதையும் உங்கள் பையிலேயே கீழே கொண்டுவர வேண்டும்.

படி 5: இறங்குதல்

முதல் முறை வந்த வழியே இறங்குவது நல்லது. முழங்காலின் சுமையைக் குறைக்க இரண்டு நடைக்கோல்களைச் சற்று நீளமாக்கிக்கொள்ளுங்கள். காலையில் பனித்திட்டுகள் இறுகிக் கிடக்கும். வெயில் பட்டு இளகும்வரை காத்திருக்கலாம். விபத்து நேர்ந்தால் 112க்கு அழையுங்கள். ஹெலிகாப்டர் வந்தால் உதவி தேவை என்பதற்கு இரு கைகளையும் விரித்து மேலே உயர்த்த வேண்டும்; தேவையில்லை எனில் ஒரு கையை மேலேயும் மறு கையைக் கீழேயும் நீட்ட வேண்டும். வெறும் மகிழ்ச்சிக்காகக் கையசைக்காதீர்கள். ப்ரலோன்யானிலிருந்து மூத்தியே ரயில் நிலையத்துக்குச் செல்லும் பேருந்தின் நேரத்தை, மலையேறும் முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.