வளைந்த திரையையும் உருண்டை விளக்கையும் பிழையின்றி அளப்பது எப்படி

செட்டிநாட்டுப் பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றும் வேலையில், முகப்பில் வைக்கும் வளைந்த மானிட்டரையும் பட்டாலை எனும் கூடத்தில் தொங்கும் பால்நிறக் கண்ணாடி உருண்டை விளக்குகளையும் அளந்து சரிசெய்வது என் பொறுப்பு. தட்டையான பரப்பை அளந்து பழகிய கை வளைந்த பரப்பிலும் அதே வழக்கத்தைத் தொடர்வதால்தான், நல்ல மீட்டர் இருந்தும் ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு எண் வருகிறது.

எதை அளக்கிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். ஓர் இடத்தில் வந்து விழும் வெளிச்சத்தை லக்ஸ் மீட்டர் சொல்கிறது. ஒரு பரப்பிலிருந்து நம் கண்ணை நோக்கி வரும் பிரகாசம் நிட் கணக்கில் சொல்லப்படுகிறது; பரப்பில் ஒரு சிறு வட்டத்தை மட்டும் குறிவைத்துப் பார்க்கும் ஸ்பாட் மீட்டர் அதை அளக்கிறது. ஒரு திசையில் செல்லும் ஒளியின் செறிவைச் சொல்லும் அலகு கேண்டிலா; ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கேண்டிலா என்பதே ஒரு நிட். நிட் எண் எப்போதும் பரப்பின் ஒரு புள்ளிக்கும், அதைப் பார்க்கும் ஒரு திசைக்கும் உரியது. எல்சிடி திரையைச் சாய்வாகப் பார்த்தால் எண் குறையும். வளைந்த பரப்பில் புள்ளிக்குப் புள்ளி நேர்த்திசை மாறுவதால், மீட்டர் பார்க்கும் திசையும் அதனோடு மாற வேண்டும்.

1000ஆர், 1500ஆர், 1800ஆர் என்று மானிட்டரில் குறிப்பிடும் எண், வளைவின் ஆரத்தை மில்லிமீட்டரில் சொல்வதாகும். 1000ஆர் திரைக்கு ஒரு மீட்டர் நூலை எடுத்து, ஒரு முனையை மீட்டரைத் தாங்கும் முக்காலியின் தலையில் கட்டி, மறு முனையைத் திரையின் நடுவிலும் இடது, வலது ஓரங்களிலும் தொட்டுப் பாருங்கள். மூன்று இடத்திலும் நூல் தொய்வின்றி, இழுபடாமல் சரியாக எட்டினால் முக்காலி வளைவின் மையத்தில் நிற்கிறது என்று பொருள். இனி மீட்டரை நகர்த்தாமல் இடவலமாகத் திருப்பினாலே போதும், ஒவ்வொரு புள்ளியையும் அது செங்குத்தாகப் பார்க்கும். ஆனால் இத்தகைய திரைகள் பக்கவாட்டில் மட்டுமே வளைந்தவை, மேலும் கீழும் நேரானவை; ஆகவே மேல் ஓரத்தை அளக்கும்போது மீட்டரை அண்ணாத்தாமல், முக்காலியையே அந்த உயரத்துக்கு ஏற்றுங்கள். ஐயம் இருந்தால் ஒரு சிறு கண்ணாடித் துண்டைத் திரைமீது படிய வைத்துப் பாருங்கள். மீட்டரின் லென்சே அதில் நடுவாகத் தெரிந்தால் கோணம் சரி. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரிகிறது என்பதே கேள்வியானால், மீட்டரை அவர் கண் இருக்கும் இடத்தில் வையுங்கள். அது வேறு அளவு, அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பாகை கோணமுள்ள ஸ்பாட் மீட்டர், ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 17.5 மி.மீ. அகல வட்டத்தின் சராசரியைத் தருகிறது. 1000ஆர் வளைவில் அந்த வட்டத்துக்குள் பரப்பு நடுவிலிருந்து அரைப் பாகைதான் திரும்பும், எனவே கவலை இல்லை. உருண்டை விளக்கு போன்ற, 100 மி.மீ. ஆரமுள்ள குவிந்த பரப்பில் அதே வட்டத்துக்குள் பக்கத்துக்கு 5 பாகை திரும்பிவிடும். அங்கே நெருங்கிச் சென்று வட்டத்தைச் சிறிதாக்க வேண்டும். திரையில் ஒட்டவைத்து அளக்கும் கருவியில் சிக்கல் வேறு விதம். 60 மி.மீ. அகலக் கருவியை 1000ஆர் குழிவில் வைத்தால் நடுவில் அரை மி.மீ.க்கும் குறைவான இடைவெளிதான் விழும், 100 மி.மீ. ஆரமுள்ள குவிவில் ஓரங்கள் நாலரை மி.மீ. தூக்கி நிற்கும், வெளி வெளிச்சம் உள்ளே புகுந்துவிடும்.

திரையை அரைமணி நேரம் எரியவிட்ட பிறகே அளவெடுங்கள். தானாகப் பிரகாசத்தை மாற்றும் வசதிகளை அணைத்துவிடுங்கள். ஓஎல்இடி வகைத் திரை முழு வெள்ளையில் தானே மங்கும் என்பதால், எவ்வளவு பரப்பில் வெள்ளை காட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த நம் வீட்டுச் சுவர்கள் முகம் பார்க்கும் அளவுக்கு மினுங்குபவை. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் அப்படியே. கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் 20 செ.மீ. விட்டமுள்ள உருண்டை விளக்கின் மையத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்த மீட்டர் 71 லக்ஸ் காட்டியது. அதை நம்பி விளக்கைக் குறைத்து வைத்து, இரவில் பட்டாலை இருண்டு கிடந்ததைப் பார்த்து வருந்தினேன். மறுநாள் விளக்கைப் பழைய நிலைக்கே கொண்டுவந்து, உணரியின் மேல் விளக்கின் நிழல் மட்டும் விழும் அளவு ஒரு கறுப்பு அட்டையை நடுவழியில் பிடித்தபோது, மீட்டர் 11 லக்ஸில் நின்றது. அத்தனையும் சுவரும் தரையும் திருப்பி அனுப்பிய வெளிச்சம். அதைக் கழித்தால் விளக்குக்கு உரியது 60 லக்ஸ்.

அந்த 60 லக்ஸிலிருந்து மீதிக் கணக்கைப் போடலாம். லக்ஸைத் தொலைவின் வர்க்கத்தால் பெருக்கினால் கேண்டிலா வரும்; இங்கே 60. எதிரே நின்று பார்த்தால் தெரியும் உருண்டையின் முகவட்டப் பரப்பான 0.0314 சதுர மீட்டரால் அதை வகுத்தால், சராசரிப் பிரகாசம் சுமார் 1,910 நிட். தொலைவை உருண்டையின் மையத்திலிருந்தே அளக்க வேண்டும், அதன் விட்டத்தைப் போல் ஐந்து மடங்காவது தள்ளி நிற்க வேண்டும். பிறகு ஸ்பாட் மீட்டரால் உருண்டையின் நடுவை அளந்து ஒப்பிடுங்கள். அது 1,910ஐவிட மிகவும் கூடியிருந்தால், உள்ளிருக்கும் பல்பு கண்ணாடியின் ஊடாகத் துருத்திக்கொண்டு தெரிகிறது, கண் கூசும்.

மின்னழுத்தத்தையும் ஒவ்வொரு அளவோடும் குறியுங்கள். பழைய இழை பல்பில் மின்னழுத்தம் 5 விழுக்காடு இறங்கினால் வெளிச்சம் ஏறத்தாழ 16 விழுக்காடு இறங்கிவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கக்கூடும். மீட்டர் வெளிச்சத்தைத் திரட்டும் நேரத்தை 10 மில்லிவினாடியின் முழு மடங்காக வைத்து, மூன்று முறை அளந்து, மூன்றையும் எழுதிவையுங்கள்.