பிரிட்ஜ் இல்லாமல் இஞ்சிப் பியர்: நொதிக்கும் வாளியைக் குளிர வைப்பது எப்படி?

மலைநாட்டில் குளிருக்கு என்ன பஞ்சம் என்று நினைத்து வாளியை அடுப்படி மூலையில் வைத்துவிடாதீர்கள். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. பண்டாரவளையில் அது 20ஐ ஒட்டியும், பதுளையில் 23ஐ ஒட்டியும், கண்டியில் 24ஐத் தாண்டியும் இருக்கும். நமக்கு வேண்டியது 18 முதல் 21 வரை. நொதிக்கும்போது பானமே சூடு கிளப்புவதால் வாளிக்குள் வெளியைவிட ஓரிரு பாகை கூடத்தான் இருக்கும். 26ஐத் தாண்டினால் பாண் வாசமும் தொண்டையைச் சுடும் நெடியும் ஏறிவிடும். பிறகு அதை எடுக்க வழியில்லை.

உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது இலங்கையில் மதுவரிச் சட்டப்படி குற்றம். இங்கே சீனி குறைவு, கூட்டவும் வேண்டாம். இந்த அளவிலேயே 2 வீதமளவு மதுசாரம் வரலாம் என்பதால் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது.

10 லீட்டருக்கு: இஞ்சி 500 கிராம், சீனி 350 கிராம், தேசிக்காய் 6, உலர் பாண் ஈஸ்ட் 3 கிராம். தட்டிய இஞ்சியையும் சீனியையும் 3 லீட்டர் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்க வைத்து, வடித்து, கொதித்தாறிய தண்ணீரால் 10 லீட்டராக்கித் தேசிக்காய்ச் சாறு விடுங்கள். 22 பாகைக்குக் கீழே இறங்கிய பிறகே ஈஸ்ட். மூடியில் துளையிட்டுக் குழாய் செருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விடுங்கள். போத்தலில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் போதும். வாளி சட்டென்று குளிர்ந்தால் அந்தத் தண்ணீர் உள்ளே இழுபடும்.

இனிக் குளிர்ச்சி. வாளியை அகலமான பேசினுக்குள் வைத்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். பழைய பருத்திச் சாரம் ஒன்றை நனைத்து வாளியைச் சுற்றி, கீழ் விளிம்பு பேசின் தண்ணீரில் கிடக்கும்படி கட்டுங்கள். துணி தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். அது ஆவியாகும்போது வாளியின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பொலியெஸ்டர் சரிவராது. புதுத் துவாயும் முதலில் தண்ணீரை ஏற்றாது, சுடுதண்ணீரில் இரண்டு தரம் அலசிய பிறகுதான் வழிக்கு வரும். பழைய சாரத்தை மிஞ்ச எதுவுமில்லை.

பலர் சறுக்குவது இங்கேதான்: துணி ஈரமாகவே இருக்கும், வாளி குளிராது. காரணம் காற்று. ஜூன், ஜூலையில் ஹட்டன் பக்கம் மழையும் பனிமூட்டமுமாக இருக்கையில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பிக் கிடக்கும்; துணியிலிருந்து எதுவும் ஆவியாகாது. அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம், பதுளை, வெலிமடை, பண்டாரவளையில் காய்ந்த கச்சான் காற்று அடிக்கும். அங்கே இதே துணி 4, 5 பாகை இறக்கும்.

உங்கள் இடத்தில் எடுபடுமா என்று முன்கூட்டியே பார்க்கலாம். வெப்பமானியின் நுனியில் ஈரப் பஞ்சைச் சுற்றி, மூன்று நிமிடம் விசிறுங்கள். அது எந்த எண்ணில் நிற்கிறதோ அதற்குக் கீழே துணியால் ஒருபோதும் இறக்க முடியாது. காற்று 26 பாகையும் ஈரப்பதன் 60 வீதமும் என்றால் 20 அளவில் நிற்கும்: தாராளமாகச் செய்யலாம். 23க்குக் கீழே இறங்கவில்லையா? துணியை மறந்துவிடுங்கள்.

அப்போது கைகொடுப்பது பீலித் தண்ணீர், அதாவது ஊற்றிலிருந்து விழும் தண்ணீர். ஊற்றுத் தண்ணீரின் வெப்பநிலை பெரும்பாலும் அந்த இடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். பகல் வெயில் அதை அதிகம் அசைக்காது. காலை, மத்தியானம், மாலை என்று பேசின் தண்ணீரை மாற்றினால் போதும். வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாய் வழியாக வரும் தண்ணீரானால், சூடு போகும்வரை ஓடவிட்டுப் பிடியுங்கள்.

தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். வெயில் படாத சுவரோரம், நிலத்தோடு ஒட்டி, காற்றுப் படும் நிழல் நல்லது. வெப்பமானியை வாளியின் பக்கத்தில், துணிக்கு உள்ளே, மடித்த துணித்துண்டால் மூடி ஒட்டுங்கள். அறைச் சுவரில் தொங்கும் வெப்பமானி பானத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. முதல் மூன்று நாள்தான் கவனம் வேண்டும். சூடு கிளம்புவதும் நெடி பிறப்பதும் அப்போதுதான்.

பின்சேர்க்கை, நுவரெலியாக்காரர்களுக்கு: ஜனவரி இரவில் உங்கள் சிக்கல் தலைகீழ். 12 பாகைக்குக் கீழே பாண் ஈஸ்ட் தூங்கிவிடும், குமிழி நிற்கும், முடிந்துவிட்டதென்று போத்தலில் அடைப்பீர்கள். சூடு வந்ததும் மிச்சச் சீனி உள்ளே நொதித்துப் போத்தல் வெடிக்கும். குமிழி நின்றால் வாளியை ஒரு நாள் அடுப்படிக்குக் கொண்டுபோய் வையுங்கள். மறுபடி குமிழி வந்தால் இன்னும் முடியவில்லை. எந்த ஊரானாலும், நாக்கில் இனிப்பே இல்லாமல், இரண்டு நாள் அசைவில்லாமல் இருந்தால் மட்டும் லீட்டருக்கு 6 கிராம் சீனி சேர்த்து சோடா பிளாஸ்டிக் போத்தலில் அடையுங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் என்றால் அமுக்கிப் பார்க்கலாம். கல்லுமாதிரி இறுகியதும் மூடியை மெதுவாகத் திருகிக் காற்றை விட்டு, பீலித் தண்ணீரில் போட்டுவையுங்கள். இனிப்பு வேண்டுமென்றால் குடிக்கும்போது கிளாசில் சேர்த்துக்கொள்ளலாம்.